வெயில் இருக்கிறதா? கத்திரி இருக்கிறதா?

செம்பருத்தி: கேள்வி – பதில்

செம்பருத்தியைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், தபாலில் பாதி தலைமுடியைப் பற்றியும் மீதி மாவுப்பூச்சியைப் பற்றியும் வந்து குவிந்தது. செடியைப் பற்றிக் கேட்டவர்கள் சிறுபான்மை. அவர்களுக்கே முதல் வரிசை.

மொட்டைமாடித் தோட்டக்காரர், மதுரை: நர்சரியில் வாங்கும்போது செடி நிறையப் பூ. என் வீட்டுக்கு வந்த பிறகு இலை மட்டும்தான். செடிக்கு என்னைப் பிடிக்கவில்லையோ?

உங்களை அல்ல, நீங்கள் வைத்த இடத்தை. நர்சரியில் அது நாள் முழுக்க வெயிலில் நின்றது. நீங்கள் "பாவம், வாடுமே" என்று மாடிப்படி நிழலில் ஒதுக்கியிருப்பீர்கள். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழவில்லை என்றால் இலை அகலமாக, பளபளவென்று வரும், பூ வராது. இன்னொன்று: வேர் புது மண்ணைப் பிடிக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் மட்டும் போதும். வந்த விருந்தாளிக்கு வாசலிலேயே உரம் ஊட்டாதீர்கள்.

வாஸ்து அன்பர், வேலூர்: செம்பருத்தியை வீட்டின் எந்தத் திசையில் வைப்பது?

சூரியன் அதிக நேரம் தங்கும் திசையில். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது மாடி எழுப்பினால் அந்த வாஸ்து மாறும். தொட்டியை நகர்த்திக்கொள்ளுங்கள்.

இளகிய மனசுக்காரர், தஞ்சாவூர்: கவாத்து செய்யச் சொல்கிறார்கள். பச்சைக் கிளையை வெட்ட மனம் வரவில்லையே!

செம்பருத்தி பூப்பது புதிதாக ஓடும் கிளையில். பழைய கிளை பூவைச் சுமக்காது, உயரத்தைத்தான் கூட்டும். வெட்டாமல் விட்டால் செடி எட்டடி, பத்தடி போய் உச்சியில் பூக்கும். ரசிப்பவர் மாடி வீட்டுக்காரர். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். வெளிப்பக்கம் பார்த்திருக்கும் கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, கூர்மையான கத்திரியால் ஒரே வெட்டு. காய்ந்த கிளையும் உள்ளே குறுக்கே ஓடும் கிளையும் முதலில் போகட்டும். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்க்கும். இரண்டு மூன்று மாதத்தில் அத்தனையிலும் மொட்டு. உங்கள் இரக்கத்தால் அந்தச் செடி இழந்த பூக்களை எண்ணிப் பாருங்கள். மனம் தானாக வரும்.

புது மருமகள், கும்பகோணம்: கேட்டு வாங்கிய குச்சி பிடிக்காது, திருடி வந்தால்தான் பிடிக்கும் என்கிறார் மாமியார். உண்மையா?

மாமியாரின் அனுபவம் உண்மை, காரணம் வேறு. கேட்டால், செடிக்காரர் மனசில்லாமல் நுனித் தளிரைக் கிள்ளித் தருவார். அது இரண்டு நாளில் துவண்டுவிடும். திருடும்போது அவசரத்தில் கைக்கு அகப்பட்ட முற்றிய கிளையை ஒடிக்கிறோம். அது பிடிக்கிறது.

ஆகவே நேர்மையாகவே கேளுங்கள், சரியான குச்சியாகக் கேளுங்கள். பென்சில் கனம், சுமார் 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணு, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளை. அடிப்பகுதியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, உச்சியில் இரண்டு இலையை மட்டும் விட்டு (அவற்றையும் பாதியாக நறுக்கி), மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி ஊன்றுங்கள். இந்த ஒரு பருவம் மட்டும் நிழல். மண் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு மாதத்தில் வேர். நடுவில் "பிடித்துவிட்டதா" என்று பிடுங்கிப் பார்த்தால் பிடிக்காது.

மனம் நொந்த வீட்டுக்காரர், நங்கநல்லூர்: வாக்கிங் போகும் பெரியவர் ஒருவர் தினமும் என் காம்பவுண்டுச் செம்பருத்தியைப் பறித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போய் பூஜை செய்கிறார். புண்ணியம் யாருக்கு?

வியர்வை உங்களுடையது, விரல் அவருடையது, பூ அம்மனுடையது. தெய்வம் பாகம் பிரித்துக்கொள்ளட்டும். தாவரக் கணக்கில் உங்களுக்கு நஷ்டமில்லை: பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அந்தப் பூ அன்று மாலைக்குள் சுருங்கி, ஓரிரு நாளில் உதிரப்போகிறதுதான். ஆனால் அவர் நாளைய மொட்டையும் கிளையோடு ஒடிக்கிறார் என்றால் அது வழிபாடு அல்ல, வழிப்பறி. ஒரு நாள் ஒரு கத்திரியைக் கையில் கொடுத்து, "அப்படியே கவாத்தும் பண்ணிவிடுங்கள் சார்" என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு வேறு தெருவில் வாக்கிங் போவார்.

பூக்கடை ஆசைக்காரர், திண்டுக்கல்: வருஷம் பூராவும் பூக்கிற செடி. மல்லிகை மாதிரி பயிரிட்டுப் பணம் பார்க்க முடியாதா?

மல்லிகை மொட்டாகப் பறிபட்டு, தொடுக்கப்பட்டு, கூந்தலில் மலர்கிறது. செம்பருத்தி விடிகாலையில் விரிந்து பொழுது சாயச் சுருங்குகிறது. சந்தைக்குப் போய், ஏலம் முடிந்து, பஸ் ஏறுவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். வாசனையும் கிடையாது. அதனால் பூவாக விற்பதைவிட, நிழலில் உலர்த்திய பூ, இலைப் பொடி, ஒட்டுக்கட்டிய நாற்று என்று விற்பவர்களுக்குத்தான் வழி. வாங்குபவர் யார் என்று முடிவானபிறகு குழி வெட்டுங்கள்.

பொறுமை இழந்தவர், ஈரோடு: மொட்டு மொட்டாக வைக்கிறது. விரியும் முன்னே உதிர்கிறது. கண்ணேறுதானே?

கண்ணேறு கழிப்பதற்கு முன்பு மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நாள் எலும்பாய்க் காய்ந்து மறுநாள் குளமாய் நின்றால் செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். மண் சரி என்றால் உதிர்ந்த மொட்டைக் கிழித்துப் பாருங்கள். இலைப்பேன் எனப்படும் மெல்லிய பூச்சி ஓடினால் குற்றவாளி அதுவே. உதிர்ந்த மொட்டைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். இரண்டும் இல்லையென்றால் யூரியாவை அள்ளிப் போட்டிருப்பீர்கள். தழைச்சத்து கூடினால் தழைதான். செம்பருத்திக்குச் சாம்பல்சத்து பிடிக்கும். மணிச்சத்து கொஞ்சமே போதும். எல்லாம் சரியாக இருந்தும் உதிர்ந்தால் அப்புறம் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டலாம். செடிக்குக் கெடுதல் இல்லை.

வெள்ளை பார்த்து மிரண்டவர், கோயம்புத்தூர்: நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி. போகவே மாட்டேன் என்கிறது.

கோவையிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது உங்கள் ஊரில். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக மேய்ந்தது, செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. மருந்தடித்து ஓய்ந்த பிறகு, 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, கொசுவைவிடச் சிறியது, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு வம்சத்தை முடித்தது. மருந்துக் கடைக்காரர் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

செம்பருத்தியில் மேயும் மாவுப்பூச்சி அது ஒன்று மட்டும் இல்லை. உங்கள் செடிக்கு வரிசைக்கிரமமாகச் செய்ய வேண்டியவை: அதிகம் அப்பிய நுனிகளைக் கத்திரித்துச் சோப்புத் தண்ணீரில் அமுக்குங்கள். மீதியைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சிக் கழுவுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம். பிறகு கீழே குனிந்து எறும்பு வரிசையைப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, எதிரிப் பூச்சிகளை விரட்டுகிறது. எறும்பு ஏறும் வழியை அடைக்காதவரை நீங்கள் கழுவிக்கொண்டே இருக்கலாம். கடும் விஷம் அடித்தால் முதலில் சாவது உங்களுக்காக வேலை செய்யும் குளவியும் பொறிவண்டும்தான்.

சமூக ஊடகச் சீடர், தாம்பரம்: வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, டீத்தூள், அரிசி கழுவிய நீர், புளித்த மோர், வெங்காயத் தோல் எல்லாம் போட்டேன். செடி செத்துவிட்டது.

அத்தனையும் தனித்தனியே நல்லவை. மக்கிய பிறகு இன்னும் நல்லவை. நீங்கள் வளர்த்தது குப்பைத்தொட்டி. செடி அதில் மாட்டிக்கொண்டது. இவற்றை ஒரு வாளியில் மூடி மக்கவிட்டு, மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி போடுங்கள். தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையாமல், அடியில் ஓட்டையோடு இருக்கட்டும். செம்மண், மணல், தொழு உரம் மூன்றும் கலந்த மண் போதும். புதிய வீடியோ வரும்போதெல்லாம் செடிப்பக்கம் போகாதீர்கள்.

உப்புத் தண்ணீர்க்காரர், வேளச்சேரி: இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அடியில் உள்ள இலை மஞ்சளாகி விழுந்தால் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். இது நுனி இலை.

நல்ல கவனிப்பு. அடி இலை பழுப்பது வயசு. நுனி இலை வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் ஆழ்துளைக் கிணற்றின் காரத் தண்ணீர் அதை வேருக்குக் கிடைக்கவிடாது. அன்னபேதி லிட்டருக்கு 5 கிராம், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, மாலையில் இலைமேல் தெளியுங்கள். சுவரில் படாமல் பாருங்கள், கறை போகாது. மழைநீரைப் பிடித்து ஊற்றுவது நிரந்தர வைத்தியம். வேளச்சேரியில் மழைநீருக்குப் பஞ்சமா என்ன? ஐப்பசி, கார்த்திகையில் அது வீட்டுக்குள்ளேயே வரும்.

குழம்பியவர், நாகர்கோவில்: எங்கள் செம்பருத்தி மொட்டு தொங்குகிறது, சிவக்கிறது, ஆனால் விரிவதே இல்லை. என்ன நோய்?

நோய் இல்லை, ஆள்மாறாட்டம். அது மால்வாவிஸ்கஸ்; மிளகாய்ச் செம்பருத்தி என்று சொல்வார்கள். செம்பருத்தியின் பங்காளி. இதழை முறுக்கி மூடியபடியே வைத்திருப்பதுதான் அதன் மலர்ச்சி. தேன்சிட்டு வந்தால் மூக்கை நுழைத்துக் குடித்துவிட்டுப் போகும். அதற்குக் குழப்பமில்லை.

பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்: தாவரவியல் வகுப்பில் எப்போதும் செம்பருத்தியையே ஏன் பிளேடால் அறுக்கிறோம்?

பெரிய பூ, எந்த மாதமும் கிடைக்கும், இலவசம். அதைவிட, எல்லா உறுப்பும் மறைக்காமல் காட்டும். வெளியே புறப்புல்லிவட்டம், அடுத்துப் புல்லிவட்டம், ஐந்து இதழ். நடுவே மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக் குழாயாகி, அதற்குள்ளே ஓடும் சூல்தண்டு உச்சியில் ஐந்தாகப் பிரியும். இந்தக் குழாய் அமைப்புதான் குடும்ப அடையாளம். நாளைக்குச் சமையலறையில் வெண்டைப் பூ, ஊர்க்குளத்தங்கரையில் பூவரசம் பூ, காட்டில் பருத்திப் பூ கிடைத்தால் பிய்த்துப் பாருங்கள், அதே குழாய். நாலும் மால்வேசி குடும்பம். அதனால்தான் பருத்தியின் பூச்சிகள் கூச்சமின்றிச் செம்பருத்திக்கு வருகின்றன.

வாசகர், யாழ்ப்பாணம்: எங்கட வேலியில நிக்கிற அடுக்குச் செவ்வரத்தையில அந்த நடுத்தண்டையே காணேல்லை. எங்க போச்சுது?

எங்கும் போகேல்லை, உடுப்பு மாத்தியிருக்குது. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள்தான் இதழாக மாறி நிற்கின்றன. மேலதிக இதழ் ஒவ்வொன்றும் வேலையை விட்டு அலங்காரத்துக்கு வந்த ஒரு மகரந்தத் தாள்.

பேரனுக்குப் பதில் சொல்ல முடியாத தாத்தா, சேலம்: இத்தனை பூ பூக்கிறது. காயே காய்ப்பதில்லையே?

காலங்காலமாகக் குச்சி நட்டு நட்டுப் பெருக்கிய செடி. ஊரில் நிற்பவற்றில் பல, ஒரே தாயின் நகல்கள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத குணமும் பலவற்றுக்கு உண்டு. வேறு ரகத்தின் மகரந்தத்தைக் காலையில் தூரிகையால் தொட்டு வைத்தால் சிலவற்றில் காய் பிடிக்கும். புது நிறம் உண்டாக்குபவர்கள் செய்வது இதைத்தான். பேரனிடம் ஒரு தூரிகை கொடுங்கள்.

திரையரங்க ரசிகர், காரைக்குடி: 'செம்பருத்தி' என்று படம் எடுத்துவிட்டு ரோஜாவை ஏன் அறிமுகப்படுத்தினார்கள்?

1992-இல் இயக்குநர் ஆர்.கே. செல்வமணி செய்ததை 239 வருஷம் முன்பே லின்னேயஸ் செய்துவிட்டார். 1753-இல் இந்தச் செடிக்கு ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்று பெயர் வைத்து, ரோஜாவையும் சீனாவையும் சேர்த்துவிட்டார். ரோஜாக் குடும்பத்துக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. சீனாவிலும் இது காட்டில் தானாக முளைத்து நிற்பதைக் கண்டவர் இல்லை. மனிதர் கைபட்ட தோட்டங்களில் மட்டுமே இருக்கிறது.

கூந்தல் கவலைக்காரர், திருச்சி (இதே கேள்வி கேட்ட மற்ற அனைவருக்கும்): செம்பருத்தி தேய்த்தால் முடி வளருமா? உண்மையைச் சொல்லுங்கள்.

பாதி உண்மை, இலையில் இருக்கிறது. இலையை நீரில் கசக்கினால் வரும் வழவழப்புக் கூழ், அழுக்கை மென்மையாக நீக்கி, முடியைச் சிக்கில்லாமல் வைக்கும். சீயக்காய் போல் வறட்டாது. இதில் சந்தேகமில்லை. "வளருமா" என்பதற்கு, 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் இலைச்சாறு தடவிய எலிகளுக்கு முடி வளர்ச்சி கூடியது. பூவைவிட இலை மேல் என்று தெரிந்தது. எனவே எலிகளுக்கு நற்செய்தி. உங்கள் முடி உதிர்வுக்குக் காரணம் ரத்தசோகையா, தைராய்டா, அப்பா வழிச் சொத்தான வழுக்கையா என்று பார்க்காமல் பூவைக் குறை சொல்லாதீர்கள்.

எண்ணெய் காய்ச்சுவோர் கவனத்துக்கு: பூவையும் இலையையும் கழுவி ஈரம் போக நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் சிறுதீயில், சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். நீர் மிஞ்சினால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

சர்பத் பிரியை, புதுச்சேரி: செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்தால் நீர் கருநீலமாகி அழுதுவடிகிறது. எலுமிச்சை பிழிந்ததும் பளீரென்று சிவக்கிறது. என்ன மாயம்?

இதழில் உள்ள ஆந்தோசயனின் நிறமி புளிப்பு கண்டால் அடர் சிவப்பாகும், காரம் கண்டால் பச்சையாகும். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துவார்கள். அதே சாற்றை ஒரு துளி சோப்புத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், பச்சை. ஆனால் அதைக் குடிக்காதீர்கள்! சர்பத்துக்குச் சிவப்பு ஒற்றைப் பூவின் இதழ் மட்டும். காம்பும் மகரந்தத் தண்டும் வேண்டாம். மருந்தடித்த செடியும் நர்சரியில் புதிதாக வாங்கிய செடியும் வேண்டவே வேண்டாம்.

ரத்தக்கொதிப்பாளர், அண்ணா நகர்: கடையில் 'ஹைபிஸ்கஸ் டீ' நல்ல விலை. வீட்டுச் செம்பருத்தியிலேயே போட்டுக்கொள்ளலாமா?

போடலாம், ஆனால் அது வேறு, இது வேறு. கடைத் தேநீர் ஹைபிஸ்கஸ் சப்தாரிஃபாவிலிருந்து வருவது. அது நம் புளிச்சக்கீரை வகை. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடிக்கும் சிவந்த புல்லிவட்டத்தை உலர்த்துவார்கள். எகிப்திலும் சூடானிலும் 'கர்க்கதே' என்று குடிப்பது அதைத்தான். ரத்த அழுத்தம் ஓரளவு குறைகிறது என்ற ஆய்வுகளும் அதைப் பற்றியவையே. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதானால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் எந்தச் செம்பருத்தியையும் மருந்தாக உள்ளே கொள்ள வேண்டாம். பூச்சாறு கருத்தரிப்பைத் தடுப்பதாக விலங்கு ஆய்வுகள் உண்டு.

மலேசிய வாசகர், ஈப்போ: எங்கள் தேசிய மலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மூன்று சொல்கிறேன். புங்கா ராயா தேசிய மலரானது 1960-இல். மலாயா, மலேசியா ஆனது 1963-இல். நாட்டுக்கு முன்பே பூ தயார். ஐந்து இதழ், ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடு என்பார்கள். கோட்பாடு அறிவிக்கப்பட்டது 1970-இல். அங்கேயும் பூவே முந்தி. மூன்றாவது: உங்கள் ரிங்கிட் தாளிலும் இருக்கிறது. செடியில் ஒரு நாளில் வாடுவது, பர்சில் மாதக் கடைசி வரை தாங்கினால் உங்கள் சாமர்த்தியம்.

ஆட்டுக்காரர், புதுக்கோட்டை: ஆடு பக்கத்து வீட்டுச் செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டது. ஆட்டுக்கு ஏதாவது ஆகுமா?

ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது, விஷமில்லை. அரளியைத் தின்றிருந்தால் பதில் வேறு, அவசரமும் வேறு. செடிக்கும் பெரிய மோசமில்லை, ஓசியில் கவாத்து ஆயிற்று. ஆபத்து உங்களுக்குத்தான், பக்கத்து வீட்டுக்காரர் வரும்போது.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: ஆபீஸில் என் மேஜைமேல் ஒரு சின்னச் செம்பருத்தி வைக்க ஆசை. ஏ.சி. அறை, டியூப் லைட் வெளிச்சம். வளருமா?

அந்த அறையில் மணி பிளான்ட் வளரும், மேனேஜர் வளர்வார், செம்பருத்தி வளராது. ஜன்னல் வழியாக வெயில் வரும் இடம் எது என்று கண்டுபிடியுங்கள். அங்கே ஏற்கெனவே மேனேஜர் உட்கார்ந்திருந்தால், முதலில் பதவி உயர்வு வாங்குங்கள், அப்புறம் தொட்டி வாங்கலாம்.